அறுபத்து மூன்று ஜோடிகளும் ஒரு காதுக்காரரும்

"எழுதி வெச்சுக்குங்க. என் காது ஒரு தடவை தீர்ப்பு சொல்லிடுச்சுன்னா அதுக்கு மேல அப்பீல் கிடையாது. இத்தனை வருஷத்துல ஒரு எழுத்து, ஒரு புள்ளிகூட நான் திருத்தினதில்ல. திருத்த வேண்டிய நிலைமையே வராது!"

இதை அவர் முழங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், தன் வீட்டுக் கூடத்தில், மாபெரும் சபையொன்றின் முன்னிலையில். சபையில் மொத்தம் மூன்று பேர். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் காகிதக் கடைக்காரர். மூன்றாமவர் அந்தத் தீர்ப்பால் அடிபட்ட ஆள், அவருடைய சொந்த மைத்துனன். காகிதக் கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து துண்டுத்தாள் எடுத்து உண்மையிலேயே எழுதி வைத்துக்கொண்டார். அவரிடம் காகிதத்துக்கு என்ன பஞ்சம்?

முழங்கியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்திருக்கும் வேலை, கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போடுவது. கடை கடையாகப் போய், வெல்வெட் விரித்த மரப்பெட்டியைத் திறந்து, பித்தளை எடைக்கற்களைச் சாமணத்தால் பிடித்துத் தூக்கித் தட்டில் வைப்பார். விரல் பட்டால் வியர்வை ஏறி எடை கூடிவிடுமாம். முள் மயிரிழை தள்ளி நின்றாலும் முத்திரை கிடையாது. கடைக்காரர்கள் கெஞ்சுவார்கள், தேநீர் வரவழைப்பார்கள். இவர் தேநீரைக் குடித்துவிட்டு, முத்திரையை மறுத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புவார். அந்த வேலையில் அவர்மேல் ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் மாலை ஆறு மணிக்குத் தொடங்கும்.

ஆறு மணியிலிருந்து அவர் 'காதுக்காரர்'. யாரும் கொடுத்த பட்டமல்ல. மலிவு விலை ஸ்பீக்கர் வாங்குகிறவர்களுக்காக இணையத்தில் நடக்கும் ஒரு குழுவில் அவரே தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர். அலமாரித் தட்டில் அடங்கும் சின்ன ஸ்பீக்கர்கள் மட்டுமே அவருடைய ஆட்சி எல்லைக்குள் வரும். பெரிய விலைக்காரச் சாமான்களை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. "பணம் இருக்கிறவனுக்குக் காது எதுக்கு?" என்று கேட்டுவிடுவார்.

அலமாரி ஸ்பீக்கர் என்று பெயர் இருந்தாலும் அதை அலமாரியில் வைக்கக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். ஆகவே அவருடைய ஜோடி, கூடத்தில், சுவரிலிருந்து சரியாக மூன்று சாண் தள்ளி, இரண்டு இரும்புக் கால்களின் மேல் நின்றது. அலமாரியில் அந்த ஜோடி வந்த அட்டைப்பெட்டிகள் இருந்தன. அலமாரியில் இருந்த புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. கட்டிலுக்கு அடியில் இருந்த துணிமூட்டைகள் சமையலறைக்குப் போயிருந்தன. சமையலறையில் இருந்த நிம்மதி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

கூடத்தின் நடுவே தரையில் கறுப்பு டேப்பால் ஒரு பெருக்கல் குறி. அதன் மேல் ஒற்றை நாற்காலி. சோபாவை வெளியேற்றியாயிற்று, அது ஒலியை விழுங்குகிறதாம். வருகிறவர்கள் பாயில் உட்கார வேண்டும். பாயில் உட்கார்ந்தால் ஒலி தலைக்கு மேலே போய்விடும் என்பதால், பாயில் உட்கார்ந்தவர்களுக்குக் கருத்துச் சொல்லும் உரிமை இல்லை. ஆக, கருத்துரிமை உள்ள ஒரே ஆசனத்தில் ஒரே ஆள்தான் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய மனைவி தையல்காரி. பின்னறையில் மிஷின் போட்டு ஊரிலுள்ள பாதிப் பெண்களின் ரவிக்கைகளைத் தைத்தும் பிரித்தும் கொடுப்பவர். ஊசி மழுங்கினாலும், கீழ் நூல் தளர்ந்தாலும், துணியைப் பார்க்காமலே மிஷின் போடும் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். ஆனால் வீட்டில் காது என்ற உறுப்பு ஒருவருக்குத்தான் என்று தீர்மானமாகிவிட்டதால், இது யார் கவனத்துக்கும் வரவில்லை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை மிஷினுக்குத் தடை. அதன் மோட்டார் மின்சாரத்தை அழுக்காக்குகிறதாம். ஸ்பீக்கருக்குப் பின்னால் விளக்குமாறு போகவும் தடை. அங்கே தூசி ஏழு வருடமாக அரசு பாதுகாப்பில் வாழ்ந்துவந்தது.

அந்த ஜோடிக்கு அவர் வைத்த பெயர் 'மூலஜோடி'. ஏழு வருடத்துக்கு முன் சல்லிசான விலையில் வாங்கியது. "கண்ணை மூடிக் கேளுங்க. பாடுறவங்க எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க பாப்போம்!" என்பார். வந்தவர்கள் விழிப்பார்கள். "தெரியலைல்ல? அதுதான் விஷயம். கூடம் முழுக்க இருப்பாங்க. சுவத்துக்கு அந்தப் பக்கமும் இருப்பாங்க. இதுக்குப் பேர்தான் மேடை!"

இந்த மூலஜோடியோடு ஒப்பிட்டுத்தான் மற்ற எல்லா ஜோடிகளும் தீர்ப்புப் பெற்றன. குழுவிலிருந்து ஆட்கள் புதுசு புதுசாகக் கொண்டுவருவார்கள், கூடவே வந்த வயரைப் போட்டு இணைப்பார்கள், கேட்பார்கள், தலை குனிந்து எடுத்துப் போவார்கள். ஏழு வருடத்தில் அறுபத்திரண்டு ஜோடிகள். அறுபத்திரண்டிலும் ஒரே வியாதியை வேறு வேறு பெயரில் கண்டுபிடித்த மேதை அவர். "பாடகி இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள், எழுந்து நடக்க மறுக்கிறாள்" என்று ஒரு தீர்ப்பு. "கீழ்ஸ்தாயி, பக்கத்து வீட்டில் பீரோ நகர்த்துவதுபோல் இருக்கிறது" என்று இன்னொன்று. "அஸ்திவாரம் உண்டு, ஆகாயம் இல்லை" என்று மற்றொன்று. இந்தக் கடைசி வாக்கியத்தைக் காகிதக் கடைக்காரர் தன் கடை நாள்காட்டியில் அச்சடிக்கலாமா என்று யோசித்ததாகக் கேள்வி.

குழுவில் எதிர்க்கருத்துகளும் உண்டு. ஒரே வாரத்தில், ஒரே கடையில், ஒரே ஸ்பீக்கரை வாங்கிய மூன்று பேரில் ஒருவர் 'வெதுவெதுப்பான ஒலி' என்று எழுதினார். இரண்டாமவர் 'பல் கூசும் ஒலி' என்றார். மூன்றாமவர், அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து யாரோ உதவி கேட்பதுபோல் இருக்கிறது என்றார். மூவரும் ஒருவரையொருவர் மூன்று நாள் திட்டிக்கொண்டார்கள். நாலாம் நாள் காதுக்காரர் தோன்றி, மூவரையும் காது டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டு மறைந்தார்.

பல் டாக்டரின் கதைதான் பரிதாபம். மூலஜோடியின் புகழில் மயங்கி, அதே கம்பெனியின் அதே ஜோடியை அவரும் வாங்கினார். வீட்டில் போட்டுக் கேட்டால், பாடகி நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"உங்க வீட்டுல கேக்குற மாதிரி என் வீட்டுல கேக்கல சார்."

"திரைச்சீலை என்ன துணி?"

டாக்டர் திரைச்சீலையை மாற்றினார். பிறகு பீரோவை மாற்றினார். பிறகு உட்காரும் திசையை மாற்றினார். பாடகி அசையவில்லை. கடைசியில் காதுக்காரர், "டாக்டர், நாள் முழுக்கப் பல்லைக் குடையற மிஷின் சத்தத்துல இருக்கீங்க. காது போயிருக்கும்" என்று ஆறுதல் சொன்னார். பாவம், அந்த மனுஷன் அதையும் நம்பினார்.

இப்போது அந்த மைத்துனனுக்கு வருவோம். மனைவியின் தம்பி. வேறொரு ஊரில் டி.வி. கம்பெனியில் வேலை பார்த்து, பெண்டாட்டியையும் மகளையும் மாதம் ஒருமுறை வந்து பார்த்துப்போன ஆள். இரண்டு வருடத்துக்கு முன், போதும் என்று ஊருக்கே வந்து ரிப்பேர் கடை போட்டார். ஓய்ந்த நேரத்தில் ஒட்டுப்பலகையை அறுத்து, சின்ன ஸ்பீக்கர்கள் செய்ய ஆரம்பித்தார். மலிவு, உறுதி. ஒரு மொழிப் பயிற்சிப் பள்ளியின் தலைமையாசிரியை பதினெட்டு வகுப்பறைகளுக்கும் ஒவ்வொரு ஜோடி வேண்டும் என்று விசாரித்தார். அந்த ஆர்டர் கிடைத்தால் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் பழைய கம்பெனிக்கே திரும்ப வேண்டும். சனிக்கிழமைக்குள் பதில் சொல் என்று அங்கிருந்து கடிதமும் வந்தாயிற்று. மகள் மறுபடி மாதம் ஒருநாள் அப்பாவைப் பார்ப்பாள்.

தலைமையாசிரியை ஜாக்கிரதையான பெண்மணி. "காதுக்காரர்னு ஒருத்தர் எழுதுறாராமே, ரொம்பக் கறாராமே? அவர் என்ன சொல்றார்னு பாத்துட்டு வெள்ளிக்கிழமை முடிவு சொல்றேன்" என்றுவிட்டார். இருவருக்கும் உறவு என்பது அவருக்குத் தெரியாது.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் தன் ஜோடியைச் சுமந்துகொண்டு வந்தார். சொந்த வயரும் கொண்டுவந்திருந்தார். இணைப்பதற்கு முன், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பேட்டரியை எடுத்து, வயரின் நுனிகளில் தொட்டுத் தொட்டு எடுத்தார். தொடும்போதெல்லாம் ஸ்பீக்கரின் நடுவிலிருக்கும் கூம்பு 'டப்' என்று வெளியே தள்ளியது. முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று.

"என்ன மாப்ள, ஸ்பீக்கருக்கு ஊசி போடுறியா?"

"அது என் வேலையாச்சே" என்றார் பல் டாக்டர்.

"இல்ல அத்தான். ரெண்டும் ஒரே பக்கம் தள்ளுதான்னு பாக்குறேன். ஒண்ணு வெளிய தள்ளறப்ப இன்னொண்ணு உள்ள இழுத்துச்சுன்னா குரல் எங்கேருந்து வருதுன்னே தெரியாம சிதறிப்போயிடும். கீழ் சத்தம் ஒண்ணையொண்ணு தின்னுடும்."

"இந்த வித்தையெல்லாம் காது இல்லாதவங்களுக்கு."

பின்னறை வாசல் நிலையில் கத்தரிக்கோலும் கையுமாக நின்ற மனைவி, அந்த வித்தையைக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு மிஷினுக்குத் திரும்பினார்.

பாட்டு ஆரம்பித்தது. காதுக்காரர் கண்ணை மூடினார். புருவம் நெரிந்தது. ஒரு நிமிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"வந்துட்டா. நடுவுல வந்து உக்காந்துட்டா. யார் கூப்பிட்டா இவளை?"

"நடுவுலதானே சார் உக்காரணும்?" பல் டாக்டர் பாயிலிருந்து மெல்லக் கேட்டார். "பாடுறவங்க மேடைக்கு நடுவுலதானே நிக்கிறாங்க?"

"டாக்டர், வாயைத் திறக்கச் சொல்றதுதான் உங்க வேலை. திறக்குறது இல்ல."

காகிதக் கடைக்காரர் இருவரையும் பார்த்துவிட்டு, நாற்காலியில் இருந்தவர் பக்கம் சேர்ந்துகொண்டார். "ஆமாண்ணே, கொஞ்சம் நடுவாத்தான் இருக்கு."

"அத்தான், இன்னொரு தடவை கேட்டுட்டு எழுதுங்களேன்" என்றார் மைத்துனன். அதற்கான பதில்தான் மேலே கண்ட முழக்கம்.

அன்று மாலையே அறுபத்து மூன்றாவது தீர்ப்பு வெளியானது. "செய்தவர் எனக்கு வேண்டியவர். அதனால் இரண்டு மடங்கு கவனமாகக் கேட்டேன். இரண்டு மடங்கு மோசம்."

திங்கட்கிழமை மாலை, காதுக்காரர் பாட்டுக் கேட்கும் நேரத்தில், மைத்துனன் வந்தபோது அக்காள் கூடத்துக்கு வந்துவிட்டார். அந்த நேரத்தில் கூடத்துக்கு வருவதே சட்டமீறல்.

"பள்ளிக்கூடத்துலேருந்து போன் வந்துச்சுக்கா. படிச்சுட்டாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள வேற யாராச்சும் நல்லா எழுதினா பாக்கலாம்ங்கிறாங்க. இல்லன்னா வேற கம்பெனியாம்."

"என்னங்க, ஒரே ஒரு வரி நல்லதா எழுதினா உங்க காது அறுந்தா விழுந்துடும்? அந்தக் குழந்தை மூஞ்சியைப் பாத்தாவது எழுதுங்க."

"குழந்தை மூஞ்சியைப் பாத்துத் தராசுக்கு முத்திரை போட முடியுமா? என்னைப் பொய் எழுதச் சொல்றியா?"

"தராசைத் தட்டுல கல்லு வெச்சுப் பாக்குறீங்க. இதை என்னத்தை வெச்சுப் பாத்தீங்க?"

"காதை வெச்சு."

"கிழிச்சீங்க."

"வேணாம்க்கா." மைத்துனன் நடுவில் புகுந்தார். "அத்தானுக்கு நல்லால்லைன்னா நல்லால்லைன்னுதான் எழுதணும். எனக்காகப் பொய் எழுத வேணாம். ஜோடி இங்கயே இருக்கட்டும், ஆட்டோ பிடிச்சு அப்புறமா வந்து எடுத்துக்கிறேன்."

பேட்டரியும் ஜோடியோடு அங்கேயே கிடந்தது.

செவ்வாயும் புதனும் வீட்டில் பேச்சு கிடையாது. வியாழக்கிழமை மத்தியானம், கணவர் ஏதோ ஒரு கடைத் தராசை அவமானப்படுத்தப் போயிருந்த நேரம், மனைவி மிஷினை நிறுத்திவிட்டு யோசித்தார். தம்பியின் பெட்டி பாடியபோது பின்னறையில் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுந்தது. கணவரின் மூலஜோடி ஏழு வருடமாகப் பாடுகிறது. பின்னறைக்கு வருவது வெறும் சலசலப்பு. இத்தனை நாள் கதவின்மேல் பழியைப் போட்டிருந்தார். கதவு அன்றும் அதே கதவுதானே?

எழுந்து போனார். மூலஜோடியின் வயர் நான்கையும் ஆம்ப்ளிபயரின் முதுகிலிருந்து உருவினார். ஏழு வருடத் தூசி இரண்டு தும்மலாக வெளியேறியது. பேட்டரியை, தம்பி செய்ததுபோலவே, சிவப்பை மேலும் கறுப்பைக் கீழும் தொட வைத்தார். வலது கூம்பு வெளியே தள்ளியது. இடது கூம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி தொட்டார். மறுபடியும் உள்ளேதான் போனது.

தம்பிக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"ஏழு வருஷமாவாக்கா?"

"ஏழு வருஷமா."

"அறுபத்து மூணு ஜோடி, அக்கா!"

"சிரிக்காதடா. வந்து நீயே சொல்லு."

"நான் சொன்னா ஆர்டருக்காகச் சொல்றேம்பார். நீ சொல்லு."

"நான் சொன்னா தம்பிக்காகச் சொல்றேம்பார்."

"அப்ப யார்தான் சொல்றது?"

மனைவி மூலஜோடியைப் பார்த்தார். "அதுவே சொல்லட்டும். எப்படி மாட்டணும், சொல்லு."

இடது வயரின் சிவப்பைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் மாற்றிச் செருகினார். அவ்வளவுதான். ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைப்பதைவிடக் குறைந்த வேலை.

மாலை ஆறுக்குக் காதுக்காரர் வந்தார், கை கால் கழுவினார், நாற்காலியில் அமர்ந்தார். ஆயிரம் தடவை கேட்ட அதே பாட்டைப் போட்டார். அரை நிமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தா, இங்க வா! இன்னிக்குக் கரண்ட் எவ்வளவு சுத்தமா வருது பாத்தியா? பக்கத்துத் தெரு ட்ரான்ஸ்பார்மரை மாத்திட்டாங்கபோல!"

மனைவி வந்து நின்றார்.

"கீழ் சத்தத்தைக் கேளு, தரையே அதிருது! என் ஜோடிக்குள்ள இவ்வளவு இருந்திருக்கு பாரேன். குரல்... குரலைக் கேளு. உதடு பிரியறது கேக்குது!"

"பாடுறவங்க எங்க இருக்காங்க?"

"இதோ, இங்க. நேரா நடுவுல. கையை நீட்டினா தொட்டுடலாம்!"

கையை நீட்டியும்விட்டார். நீட்டிய கை அப்படியே நின்றது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடகி நடுவில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

மனைவி அந்தக் கையில் பேட்டரியை வைத்தார். "இடது பக்கம் உள்ள இழுத்துச்சு. மாத்தி மாட்டினேன்" என்று மட்டும் சொன்னார்.

காதுக்காரர் பாட்டை நிறுத்தினார். வயரை உருவினார். வலது, வெளியே. இடது, உள்ளே. அலுவலக முறைப்படி மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் இடது உள்ளேதான் போனது. வயரை மூடியிருந்த தரைவிரிப்பைத் தூக்கினார். ஏழு வருடத்துக்கு முன், ஜோடி வாங்கிய புதிதில், நீளம் போதாமல் அவரே ஒட்டுப் போட்ட வயர் அங்கே கிடந்தது. சிவப்போடு கறுப்பை முறுக்கி, மேலே டேப்பை அவ்வளவு அழகாகச் சுற்றியிருந்தார். வேலை சுத்தம் என்று யாரும் பாராட்டுவார்கள்.

அவர் தரையிலேயே, பாயில் உட்கார்ந்தார். வயது ஒரு நொடியில் கூடிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். திருடி மாட்டிக்கொண்ட பூனையின் முகம் இருந்தது, அவ்வளவுதான். பின்னறையில் தையல் மிஷின் ஓட ஆரம்பித்தது. மணி ஆறரை. மின்சாரம் தாராளமாக அழுக்காகிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு யாராக இருந்தாலும் விரிப்பைப் பழையபடி போட்டு மூடியிருப்பார்கள். பள்ளிக்கூடம் வேறு கம்பெனிக்குப் போகும், மைத்துனன் வேறு ஊருக்குப் போவார், காது பட்டத்தோடு இருக்கும். ஆனால் அவருடைய அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஆய்வாளரின் எடைக்கல்லே பழுது என்று தெரிந்துவிட்டால், அந்தக் கல்லை வைத்துப் போட்ட முத்திரை அத்தனையும் செல்லாது. கடை கடையாகத் திரும்பப் போக வேண்டும். இருபது வருடம் அந்த விதியைப் பிறருக்கு வாசித்துக் காட்டியவர், அன்று அதைத் தனக்கே ஒருமுறை முணுமுணுத்துக்கொண்டார். பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுந்தார்.

கணினியைத் திறந்து அறுபத்து மூன்றாவது தீர்ப்புக்குப் போனார். பிறகு அதை முழுக்க அழித்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான மொழியில், அதாவது அலுவலக மொழியில், தட்டச்சு செய்தார்.

"மேற்படி ஸ்பீக்கர் குறித்து வெளியிட்ட தீர்ப்பு ரத்து செய்யப்படுகிறது. ஒப்பீட்டுக்குப் பயன்படுத்திய ஜோடியின் இடது வயர் ஏழு வருடமாகத் தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தது. இணைத்தவர் இக்குறிப்பை எழுதுபவர். சரியாக இணைத்துக் கேட்டபோது குரல் நடுவில் வந்தது. அது அங்கேதான் வர வேண்டும். மேற்படி ஸ்பீக்கரில் குறை காணப்படவில்லை. இதற்கு முந்தைய அறுபத்திரண்டு தீர்ப்புகளும் மறுபரிசீலனையில் உள்ளன. பல் டாக்டர் தன் பழைய திரைச்சீலையைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்."

பொத்தானை அழுத்தினார். கால் மணி நேரத்தில் முதல் பதில் தலைமையாசிரியையிடமிருந்து வந்தது. "குறை சொல்வதில் கறாரானவர் என்று கேள்விப்பட்டேன். சரிதான். நாளைக் காலை பத்து மணிக்கு அந்த ஜோடியைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பதினெட்டும் எப்போது கிடைக்கும் என்று கேட்க வேண்டும்."

"இந்தா, உன் தம்பிக்குப் போன் போடு" என்று பின்னறைப் பக்கம் குரல் கொடுத்தார். "காலையில ஆட்டோ வேணாம்னு சொல்லு. நானே வண்டியில வெச்சுக் கொண்டுபோய் விடுறேன்."

மிஷின் நின்றது. "அதை நீங்களே சொல்லுங்களேன்" என்று பதில் வந்தது. மிஷின் திரும்ப ஓடியது.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனைத் தேடுவதற்கு முன், வெளியிட்டதை இன்னொரு முறை வாசித்தார். 'தலைகீழாக' என்ற சொல்லில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதையும் திருத்தினார்.